பதினொன்றரைக்கு மூழ்குதல்

விருத்தாசலத்தில் கடல் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் விருத்தாசலம் வட்டார ஆழ்நீர் மூழ்குநர் சங்கத்தில் இதை யாரும் உங்களுக்குச் சொல்ல மாட்டார்கள். கடல் பார்க்க வேண்டுமென்றால் கடலூர் பஸ்ஸில் இரண்டு மணி நேரம் உட்கார வேண்டும். மணிமுத்தாற்றில் மழைக்காலத்தில் சில நாள் தண்ணீர் ஓடும், மீதி நாளெல்லாம் மாடு ஓடும். இருந்தும் ஜங்ஷன் ரோட்டில் உரக்கடை மாடியில் இருபத்தைந்து வருஷமாகச் சங்கம் நடக்கிறது. தலைவர், துணைத் தலைவர், செயலாளர், ஆழம் உபகுழு, உப்புநீர் உபகுழு எல்லாம் உண்டு. உறுப்பினர்கள் இருநூற்றுப் பதினான்கு பேர். அத்தனை பேரில் ஒருவர்கூட இதுவரை நனைந்ததில்லை. அதையே ஒரு சாதனையாக வாசலில் பலகை எழுதி மாட்டியிருக்கிறார்கள்: '25 ஆண்டுகள். விபத்து: இல்லை.'

திருமால் அந்த மாடிப்படி ஏறியதற்குக் காரணம் பயம்.

அவனுக்கு வயது முப்பத்திரண்டு. பீங்கான் தொழிற்பேட்டையில் ஒரு சின்ன கம்பெனியில் ஃபியூஸ் கட்டைகளைத் தட்டிப் பார்த்துப் பிரிக்கும் வேலை. சூளையிலிருந்து வரும் ஒவ்வொன்றையும் கம்பியால் ஒரு தட்டு. கணீரென்றால் நல்லது, சொத்தென்றால் உள்ளே விரிசல். வேலையில் கெட்டிக்காரன். ஆனால் நாயைக் கண்டால் பயம், லிஃப்டில் ஏறப் பயம். எல்லாவற்றையும் விட, நாற்காலியில் டவல் போட்டு உட்கார்ந்திருக்கும் ஆசாமிகளைக் கண்டால் பயம். அப்படி ஒருவர் எதிரில் இருந்துவிட்டால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். 'சரிங்க' என்ற ஒரு சொல்லைத் தவிர வேறு எதுவும் வராது.

இப்படிப்பட்டவன் கடலுக்குள் இறங்கக் கற்றுக்கொண்டது மனைவி சிவசங்கரியால். புதுச்சேரிக்குப் போனபோது, முகமூடி மாட்டிக் கடலுக்குள் அழைத்துப் போகும் படகில் இருவருக்கும் அவள்தான் பேர் கொடுத்தாள். படகு கிளம்பியதும் அவளுக்கு வாந்தி. ஆகவே இவன் மட்டும் இறங்கினான். இறங்கும்போது செத்தோம் என்றுதான் நினைத்தான். ஆனால் பத்தடி கீழே போனதும், பதினோரு வருஷமாகக் காதுக்குள் ஓடிக்கொண்டிருந்த, கம்பெனி மண் அரைவை மிஷினின் சத்தம் நின்றது. அதற்காகவே மறுபடி போனான். வாராவாரம் பஸ் ஏறிப் போய், பரீட்சை எழுதி, மூழ்குநர் அட்டையும் வாங்கிவிட்டான். பயம் போகவில்லை. ஆனால் அங்கே பயத்தை வைத்துக்கொண்டு என்ன செய்ய வேண்டும் என்பதற்கு ஒரு முறை இருந்தது.

முறையைச் சொல்லிக் கொடுத்தவர் ராஜ்மோகன் என்ற பயிற்சியாளர். அட்டையைக் கையில் கொடுக்கும்போது அவர் சொன்னார்:

"மூணே விஷயம் திருமால். மூச்ச அடக்காதீங்க. அவசரப்பட்டு மேல வராதீங்க. தனியா எறங்காதீங்க. மூணாவது ரொம்ப முக்கியம். உங்க ஊருப் பக்கம் கிளப்பு எதுனா இருக்குதான்னு பாருங்க. கூட்டம் வாணாம், ஒரு ஆளு போதும். நீங்க கீழ இருக்கும்போது உங்க மேலயே கண்ணா இருக்கற ஒரு ஆளு."

அந்த ஒரு ஆளைத் தேடித்தான் திருமால் உரக்கடை மாடிக்குப் போனான்.

செயலாளர் தனக்கோடி, தாலுகா ஆபீஸில் முப்பது வருஷம் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் நாற்காலியில் பச்சைக் கரை போட்ட டவல் கிடந்தது. அதைப் பார்த்ததுமே திருமாலுக்கு வேர்த்துவிட்டது. அவர் விண்ணப்பப் படிவத்தை எடுத்து அவரே நிரப்ப ஆரம்பித்தார்.

"நீச்சல் தெரியுமா?"

"தெரியுங்க."

பேனா நின்றது. தனக்கோடி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"தெரியும்னு போட்டா அதுக்கு ஆதாரம் வைக்கணும், சரிபாக்கணும், உபகுழுவுக்குப் போவணும். தெரியாதுன்னு போட்டுக்கலாமா? இங்க எல்லாரும் அப்பிடித்தான் போட்டிருக்காங்க."

"சரிங்க."

"தண்ணியில எறங்கின முன் அனுபவம்?"

திருமால் மெதுவாக அட்டையை எடுத்து மேஜை மேல் வைத்தான். தனக்கோடி அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். முகத்தில் ஒரு மாற்றம். எழுந்து போய் உள்ளறைக் கதவைத் தட்டினார். உள்ளேயிருந்து துணைத் தலைவர் ஆதிநாராயணன் வந்தார். ஓய்வு பெற்ற போஸ்ட் மாஸ்டர், சர்க்கரை வியாதிக்காரர், பார்த்தாலே நல்லவர் என்று தெரியும் முகம். அவரும் அட்டையைத் திருப்பிப் பார்த்தார்.

"நெஜமாவே எறங்கியிருக்கியா தம்பி?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார். ஆஸ்பத்திரியில் ரிப்போர்ட் கேட்கும் குரல் அது.

"ஆமாங்க."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தனக்கோடி, "பாஸ்போர்ட் சைஸ் போட்டோ நாலு வேணும்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பயிற்சி என்றார்கள். திருமால் துண்டும் மாற்று உடையும் எடுத்துக்கொண்டு போனான். பயிற்சி மாடியிலேயே நடந்தது. நாற்பது பிளாஸ்டிக் நாற்காலிகள். உறுப்பினர்கள் பதவி வரிசைப்படி உட்கார்ந்து கண்ணுக்கு முகமூடி மாட்டிக்கொண்டார்கள். தனக்கோடி விசில் ஊதியதும் எல்லோரும் மூக்கைப் பிடித்து மூச்சை அடக்கினார்கள். அடக்கியிருக்கும் நேரத்தில் அவர் போன கூட்டத்தின் தீர்மானங்களை வாசிப்பார். மூச்சு முட்டியவர் கையைத் தூக்கிவிட்டு எழுந்து போய் டீ குடிக்கலாம். இருபத்தைந்து வருஷத்துச் சாதனை, ஒரு நிமிஷம் நாற்பது விநாடி. சாதனையாளரின் படம் சுவரில் மாலையோடு இருந்தது. அவர் உயிரோடுதான் இருக்கிறார் என்றும், மாலை மரியாதைக்குப் போட்டது என்றும் பக்கத்து நாற்காலிக்காரர் விளக்கினார்.

"மூச்ச அடக்கக் கூடாதுன்னு சொல்லிக் கொடுத்தாங்களே..." என்று திருமால் இழுத்தான்.

"அது பாண்டிச்சேரி முறை" என்றார் பக்கத்து நாற்காலிக்காரர். "நம்மளது விருத்தாசலம் முறை."

மூலையில், கண்ணாடி பீரோவுக்குள், சங்கத்தின் ஒரே காற்றுச் சிலிண்டர் நின்றது. உடம்பு முழுக்கச் சந்தனமும் குங்குமமும். வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு அதற்குப் பொரிகடலை வைத்துப் படைப்பார்களாம். திருமால் பழக்கதோஷத்தில் விரலால் கண்ணாடியைத் தட்டப் போனான். நான்கு பேர் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

"தொறப்பு விழா அன்னிக்கு நெரப்பினது தம்பி" என்றார் ஆதிநாராயணன் பெருமையாக. "ஒரு தடவ கூடத் தொறக்கல. அந்தக் காலத்துக் காத்து. இப்ப எங்க கெடைக்குது?"

 இந்தப் பக்கமே இனி வரக் கூடாது என்று படியிறங்கும்போது திருமால் முடிவு செய்தான். ஆனால் செவ்வாய்க்கிழமையே செயற்குழுவுக்கு அழைப்பு வந்துவிட்டது. கூப்பிட்டவர் தலைவரே.

தலைவர் குருமூர்த்திக்கு இரண்டு அரிசி மில், ஒரு கல்யாண மண்டபம். 'ஆழ்கடல் வேந்தர்' என்பது சங்கம் அவருக்கு வழங்கிய பட்டம். வழங்கிய கூட்டத்துக்குத் தலைமையும் அவரே. அவருடைய நாற்காலியில் இரண்டு டவல்கள். ஒன்று முதுகுக்கு, ஒன்று அந்தஸ்துக்கு. அன்று அவர் ஆற்றிய உரை குறிப்பேட்டில் முழுமையாக இருக்கிறது. நான் பார்த்து எழுதுகிறேன்:

"நண்பர்களே! சிலர் நம்மைப் பார்த்துக் கேட்கிறார்கள், நீங்கள் ஏன் தண்ணீரில் இறங்குவதில்லை என்று. இறங்குவது என்ன பெரிய காரியமா? மீன் இறங்குகிறது. தவளை இறங்குகிறது. ஆனால் ஒரு தவளையால் இருநூற்றுப் பதினான்கு உறுப்பினர்களைக் கட்டி மேய்க்க முடியுமா? இருபத்தைந்து ஆண்டுகளில் ஒரு கூட்டமாவது தள்ளி வைத்திருப்போமா? ஒரு வரவேற்புரையாவது சுருக்கியிருப்போமா? ஆனாலும், மாநிலக் கூட்டமைப்பிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. வெள்ளி விழாவுக்குள் ஒரு முறையாவது யாராவது மூழ்கியிருக்க வேண்டுமாம், இல்லையென்றால் அங்கீகாரம் ரத்தாம். நான் கலங்கவில்லை. ஏனென்றால் பாற்கடலில் பள்ளிகொண்டவன் பெயரையே வைத்துக்கொண்டு ஒரு தம்பி நம் வாசலுக்கு வந்திருக்கிறார். தியாகம் செய்ய நான் தயார் என்று அவருடைய கண்கள் சொல்கின்றன!"

திருமாலின் கண்கள் அப்படி எதையும் சொல்லவில்லை. அவை கதவு எங்கே என்று தேடிக்கொண்டிருந்தன.

"எங்கங்க எறங்கணும்?" என்று மட்டும் கேட்டான்.

வேப்பூர் போகிற வழியில் ஒரு கைவிட்ட கல்குவாரிக்கு அப்போதே அழைத்துப் போனார்கள். மழைத் தண்ணீர் நிறைந்து குளமாகிவிட்டது. ஆழம் நாற்பது அடி என்றார் ஆழம் உபகுழுத் தலைவர். யார் அளந்தது என்று கேட்டால் கோபித்துக்கொண்டார். மூன்று பக்கம் செங்குத்தான பாறை. நான்காவது பக்கம் மட்டும், முன்பு லாரிகள் இறங்கிய சரிவு, இப்போது சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தது.

"அந்தப் பக்கமா எறங்கிடறேங்க" என்றான் திருமால்.

"அந்தப் பக்கம் மேடை போட எடம் இல்ல" என்றார் தனக்கோடி. "பாறை மேல பந்தல் போட்டு, உங்களக் கயித்துல கட்டி எறக்குறோம். அதே கயித்துல தூக்கிடுவோம்."

"எங்கூட யாருங்க எறங்குவாங்க? தனியா எறங்கக் கூடாதுங்க."

இந்தக் கேள்வியை எதிர்பார்த்தவர்போல் தனக்கோடி சட்டப் புத்தகத்தைத் திறந்தார். "விதி ஒன்பது, உட்பிரிவு இரண்டு. மூழ்குபவருக்கு ஒரு துணைவர் இருத்தல் கட்டாயம். துணைவர் என்பவர் கரையில் நிற்பவர்." புத்தகத்தை மூடினார். "துணைத் தலைவர்தான் உங்களுக்குத் துணைவர். பதவியே அதுக்குத்தான் வச்சிருக்குது."

ஆதிநாராயணன் முன்னால் வந்து திருமாலின் கையைப் பிடித்துக்கொண்டார். உண்மையான பிடி. உள்ளங்கை ஈரமாக இருந்தது. "பயப்படாத தம்பி. கயிறு என் கையில இருக்கும். கைய வுட்டு எடுக்கவே மாட்டேன். என் புள்ள மாதிரி நீ."

அந்தக் கூட்டத்தில் முதன்முதலாக ஒருவர் அவனுடைய பயத்தைக் கண்டுகொண்டார். ராஜ்மோகன் சொன்ன அந்த ஒரு ஆள் இவராகவே இருக்கட்டும் என்று அந்த ஒரு நொடியில் தோன்றிவிட்டது. "சரிங்க" என்றான்.

வீட்டில் சிவசங்கரி தலையில் அடித்துக்கொண்டாள்.

"வாணாம்னு சொல்ல வாயில்லையா ஒனக்கு? நாளைக்கே போயி முடியாதுன்னு சொல்லிட்டு வா. சொல்லாம வூட்டுக்கு வராத."

மறுநாள் முடியாது என்று சொல்லப் போனான். பேச வாயைத் திறந்தபோது பொன்னாடை போர்த்தினார்கள். அதற்கடுத்த நாள் மறுபடி போனான். இரண்டாவது பொன்னாடை. மூன்றாவது தடவை கடிதமாக எழுதிக்கொண்டு போனான். அதைத் தனக்கோடி பிரிக்காமலே வாங்கி, 'ஒப்புதல் கடிதம் பெறப்பட்டது' என்று பதிவு செய்துகொண்டார். சிவசங்கரி பொன்னாடைகளை ஜன்னலுக்குத் திரையாகப் போட்டாள். இவன் அவற்றைப் பார்த்துக்கொண்டே தூங்காமல் கிடந்தான். சோறு இறங்கவில்லை. கம்பெனியில் நல்ல கட்டையும் விரிசல் கட்டையும் ஒரே மாதிரி கேட்டது.

விழாவுக்கு மூன்று நாள் இருக்கையில் அழைப்பிதழ் வந்தது. வழவழப்பான தாள். காலை 10.00 குத்துவிளக்கேற்றுதல். 10.15 வரவேற்புரை. 10.30 தலைமையுரை. 11.00 வாழ்த்துரைகள். 11.30 மூழ்குதல். 11.45 நன்றியுரை. 12.00 மதிய உணவு.

திருமால் மேலிருந்து கீழாக இரண்டு தடவை படித்தான். பின்பு கீழிருந்து மேலாகப் படித்தான். அப்புறம் உரக்கடை மாடிக்கு ஓடினான்.

"இதுல மூழ்குதல் இருக்குதுங்க. மேல வர்றது இல்லையேங்க?"

தனக்கோடி அழைப்பிதழை வாங்கிப் பார்த்தார். "அதுக்குத் தலைமை தாங்க ஆளு கெடைக்கல" என்றார். "மூழ்கறத துவக்கி வைக்கன்னு கேட்டா வர்றாங்க. வெளிய வர்றதுக்கு வாங்கன்னு எந்தப் பெரிய மனுஷனக் கூப்புட முடியும்?"

"பாதுகாப்புக்கு என்ன ஏற்பாடுங்க?" என்று கேட்டான் திருமால்.

"அதெல்லாம் முழுசா முடிச்சாச்சு. வாங்க." உள்ளறையில் இரண்டு பிளக்ஸ் பேனர்கள் சுருட்டி வைக்கப்பட்டிருந்தன. தனக்கோடி முதலாவதை விரித்தார். இருபதடி நீளத்துக்குத் தலைவரின் சிரிப்பு. ஓரத்தில் தபால்தலை அளவில் திருமால். 'மூழ்க வரும் முத்தே வருக!' இரண்டாவதையும் விரித்தார். அதில் திருமாலின் முகம்தான் பெரிது. சுற்றிலும் கறுப்புக் கட்டம். இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. 'கண்ணீர் அஞ்சலி.' பிறந்த தேதி அச்சாகியிருந்தது. அதன் பக்கத்தில் ஒரு கோடு போட்டு, விழாத் தேதியும் அச்சாகியிருந்தது.



"கடைசி நேரத்துல ஓடிக்கிட்டு இருக்க முடியாது பாருங்க" என்றார் தனக்கோடி. "போன மாசம் மங்கலம்பேட்டையில வேற ஒரு சங்கத்துல திடீர்னு ஒருத்தர் போயிட்டாரு. பிளக்ஸ் கடை லீவு. அஞ்சலியில்லாமலே எடுக்க வேண்டியதாப் போச்சு. அந்த மாதிரி கேவலம் நமக்கு வரக் கூடாது. உங்க பேர்ல எழுத்துப் பிழை எதுனா இருக்குதான்னு பாத்துக்கங்க."

திருமால் பார்த்தான். எழுத்துப் பிழை இல்லை. "சரிங்க" என்றான்.

அன்று மாலையே புதுச்சேரிக்குப் போய் ராஜ்மோகனிடம் ஒரு சிலிண்டரும் மற்ற சாமான்களும் கேட்டு வாங்கி வந்தான். அந்தக் காலத்துக் காற்றைச் சுவாசிப்பதில்லை என்பதில் மட்டும் உறுதியாக இருந்தான். அவனுடைய முப்பத்திரண்டு வருஷ வாழ்க்கையில் அதுதான் முதல் எதிர்ப்பு. அதையும் போர்வையில் சுற்றித்தான் கொண்டு வந்தான். சிவசங்கரி விழாவுக்கு வர மறுத்துவிட்டாள். "வந்தா நான் மேடையேறி எவனயாவது அடிச்சுடுவேன்" என்றாள். கிளம்பும்போது அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

விழா நாள். பாறை விளிம்பில் பந்தல், மேடை, மைக் செட். பத்தடி கீழே தண்ணீர் பாசிப் பச்சையாக அசையாமல் கிடந்தது. சங்கத்துச் சிலிண்டர் மாலையோடு மேடையில் முதல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. திருமாலின் முதுகிலிருந்த சிலிண்டரை யாரும் கண்டுகொள்ளவில்லை; வேஷத்தின் ஒரு பகுதி என்று நினைத்துக்கொண்டார்கள். வாழ்த்துரைகள் முடிய ஒரு மணியாயிற்று. அதுவரை அவன் ரப்பர் உடையோடு வெயிலில் நின்றான். பயத்தில் வேர்த்ததா, வெயிலில் வேர்த்ததா என்று அவனுக்கே தெரியவில்லை.

ஆதிநாராயணன் நூல்கயிற்றின் ஒரு முனையை அவன் இடுப்பில் கட்டினார். முடிச்சை மூன்று தடவை இழுத்துப் பார்த்தார். மறுமுனையைத் தன் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டார்.

"ஒரு தடவ இழுத்தா நல்லா இருக்கேன்னு அர்த்தங்க" என்றான் திருமால். "ரெண்டு தடவ இழுத்தா தூக்குங்க. மறந்துடாதீங்க."

"ஒண்ணுன்னா நல்லாருக்க, ரெண்டுன்னா தூக்கணும். மறக்க மாட்டேன் தம்பி. கண்ண எடுக்காம பாத்துக்கிட்டே இருப்பேன்."

நான்கு பேர் அவனைக் கயிற்றில் இறக்கினார்கள். மேலே தலைவர் கத்தரியால் ஒரு ரிப்பன் வெட்டினார். கைதட்டல். திருமாலின் தலைக்கு மேல் தண்ணீர் மூடியது.

மூச்சு. வெளியே, உள்ளே. தன் மூச்சைத் தவிர வேறு சத்தமில்லை. ஐந்தடியில் பச்சை, பத்தடியில் கரும்பச்சை. இருபதடிக்குக் கீழே தன் கையே தெரியவில்லை. கடல் இப்படி இல்லை. கடலில் வெளிச்சமும் மீனும் இருந்தன, பக்கத்தில் ராஜ்மோகன் இருந்தார். இங்கே பாறைச் சுவரைத் தடவிக்கொண்டே இறங்கினான். காது அடைத்தது, சரி செய்துகொண்டான். இதயம் அடிப்பது பல்லில் தெரிந்தது. இடுப்பில் கயிறு இருந்தது. அதன் மறுமுனையில் ஒரு மனுஷன் இருக்கிறார். அதை நினைத்துக்கொண்டே போனான். கால் சேற்றைத் தொட்டது. தொட்டதும் சேறு கிளம்பி, இருந்த கொஞ்ச வெளிச்சமும் போயிற்று.

கயிற்றை ஒரு தடவை இழுத்தான். நல்லா இருக்கேன்.

சற்று நேரத்தில் மேலிருந்து பதிலுக்கு ஒரு இழுப்பு வந்தது. திருமாலுக்கு அழுகையே வந்துவிட்டது. முகமூடிக்குள் அழக் கூடாது என்று அடக்கிக்கொண்டான். அந்த இருட்டில், இத்தனை பயத்துக்கு நடுவில், அரைவை மிஷின் சத்தம் நின்றது. இரண்டு நிமிஷமோ மூன்று நிமிஷமோ அப்படியே மண்டியிட்டிருந்தான்.

போதும். கயிற்றை இரண்டு தடவை இழுத்தான்.

கயிறு கையோடு வந்தது. இன்னும் இழுத்தான். இன்னும் வந்தது. ஈரக் கயிறு சுருள் சுருளாக அவன் தோளில், தலையில், முகமூடியில் வந்து விழுந்தது. கடைசியில் ஒரு முனை கைக்குக் கிடைத்தது. அந்த முனையை யாரும் பிடித்திருக்கவில்லை.

அவ்வளவு பயத்தை அவன் அதுவரை பட்டதில்லை. மேலே எல்லோரும் செத்துவிட்டார்கள் என்றுதான் முதலில் தோன்றியது. பந்தல் சரிந்திருக்கும், பாறை இடிந்திருக்கும், கிழவர் மயங்கி விழுந்திருப்பார். இரண்டு காலையும் உதைத்துக்கொண்டு மேலே பாய உடம்பு துடித்தது. மூச்ச அடக்காத, அவசரப்படாத. மூன்றில் மூன்றாவது போய்விட்டது, முதல் இரண்டுதான் மிச்சம். கயிறு காலில் சிக்கியது. அதை அவிழ்த்து விட்டுவிட்டு, பாறையைத் தடவித் தடவி, தன் குமிழிகளை விட மெதுவாக மேலே வந்தான். கரும்பச்சை பச்சையாயிற்று. தலை வெளியே வந்தது.

பந்தல் அப்படியே இருந்தது. யாரும் சாகவில்லை. பாறை விளிம்பில் இருநூறு பேரும் எழுந்து நின்று, தலை குனிந்து, கண் மூடி, கை கூப்பியிருந்தார்கள். ஒரு சத்தமில்லை. பந்தல் முகப்பில் முதல் பேனருக்கு மேல் இரண்டாவது பேனர் தொங்கியது. கறுப்புக் கட்டத்துக்குள்ளிருந்து திருமால் திருமாலைப் பார்த்தான்.

"ஐயா!" என்று கத்தினான். "தூக்குங்க! இங்க இருக்கேன்!"

தனக்கோடி ஒரு கண்ணைத் திறந்தார். தண்ணீரில் மிதக்கும் தலையைப் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். உதட்டில் விரல் வைத்து, "உஷ்" என்றார். இன்னும் ஐம்பது விநாடி பாக்கி இருந்தது.

அந்த ஐம்பது விநாடியும் திருமால் வழுக்குப் பாறையில் நகத்தால் தொங்கிக்கொண்டிருந்தான். கீழே இருந்ததை விட அது நீண்ட நேரம்.

"அமரலாம்" என்றார் தனக்கோடி மைக்கில். எல்லோரும் உட்கார்ந்தார்கள். பின்புதான் தண்ணீரில் இருப்பவனைப் பார்த்து ஒரு சலசலப்பு. தலைவர் குருமூர்த்தி சிறிதும் தடுமாறவில்லை. மைக்கை வாங்கினார்.

"நண்பர்களே! தன்னுடைய இரங்கல் கூட்டத்துக்கு மறைந்தவரே நேரில் வந்து சிறப்பித்திருப்பது எந்தச் சங்கத்துக்கும் கிடைக்காத பெருமை! இதுவும் நம் சாதனைப் பட்டியலில் சேரும். அடுத்ததாக நன்றியுரை."

யாரோ கயிறு கேட்டார்கள். ஒரு கயிறு குளத்துக்கு அடியில் கிடந்தது. இன்னொன்று பேனரைத் தாங்கிக்கொண்டிருந்தது. அதை அவிழ்த்தால் அதன் பின்னால் இருக்கும் தலைவர் படம் மடங்கும் என்றார்கள். திருமால் அதற்கு மேல் கேட்கவில்லை. மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எதிர்ப்பக்கத்துச் சரிவுக்கு நீந்தினான். கருவேல முள் கை, கால், ரப்பர் உடை எல்லாவற்றையும் கிழித்தது. சிலிண்டரோடு தவழ்ந்து மேலேறி, மண்ணில் குப்புற விழுந்து, கிடைத்த காற்றையெல்லாம் இழுத்தான். 

முள்ளை விலக்கிக்கொண்டு ஒருவர் ஓடி வந்தார். ஆதிநாராயணன். செருப்பு ஒரு காலில்தான் இருந்தது. வந்தவர் அப்படியே அவன் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு ஓவென்று அழுதார். நடிப்பு இல்லை. கிழவரின் உடம்பே குலுங்கியது.

"குமிழி குமிழியா வந்துச்சு தம்பி. தலைவரு பாத்துட்டு, மூச்சு போயிக்கிட்டு இருக்குதுன்னாரு. நாலு நிமிஷம் ஆயிடுச்சு. எங்க சாதனையே ஒண்ணு நாப்பதுதான். நாலு நிமிஷம் எவன் தாங்குவான்? போயிட்டன்னு நெனச்சிட்டோம் தம்பி. ஈரக்கொலையே அறுந்துபோச்சு எனக்கு."

திருமால் எழுந்து உட்கார்ந்தான். முகமூடியைக் கழற்றினான். அவனுக்கு நாக்கு ஒட்டவில்லை. எதிரில் நாற்காலியும் இல்லை, டவலும் இல்லை.

"கயிறு ஒங்க கையில இருந்துச்சு" என்றான். "நான் இழுத்தேன். நீங்களும் திருப்பி இழுத்தீங்க. அப்பறம் ரெண்டு தடவ இழுத்தப்ப கயிறு மொத்தமும் என் தலையில வந்து வுழுந்துச்சு. கைய வுட்டு எடுக்கவே மாட்டேன்னு சொன்னீங்களே. ஏன் வுட்டீங்க?"

ஆதிநாராயணன் அழுகையை நிறுத்தினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனை ஏறிட்டுப் பார்த்தார். அந்தக் கேள்வி அவருக்கு விளங்கவேயில்லை. மனம் நொந்து போனவராகச் சொன்னார்:

"என்ன தம்பி இப்பிடிக் கேக்கற? எந்திரிச்சு நில்லுங்க, மௌன அஞ்சலின்னாங்க. ஒனக்குத்தான கும்புட்டேன்? ஒத்தக் கையால கும்புட்டா மரியாதையா இருக்குமா?"